பத்தொன்பதாவது போர்ட்

கேபிள் செருகாத போர்ட்டில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

கேசவமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மேடையின் இடது ஓரம், கருந்திரைக்குப் பின்னால் ஆளுயர இரும்பு அலமாரி. அதற்குள் நெட்வொர்க் ஸ்விட்ச், இருபத்து நான்கு போர்ட்டுகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த அரங்கத்தைக் கட்டியபோது ஒவ்வொரு கேபிளையும் அவரே இழுத்து, முனை அழுத்தி, எண் ஒட்டி மாட்டியிருந்தார். பதினெட்டு வரை கேபிள் இருந்தது. பத்தொன்பதில் தூசி படிந்த வாய் மட்டும். அதன் மேல்தான் அந்த விளக்கு.

மற்ற விளக்குகள் சிமிட்டுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. கன்சோலிலிருந்து மேடை விளக்குகளுக்கு, எதுவும் மாறினாலும் மாறாவிட்டாலும், நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் செய்தி போய்க்கொண்டே இருக்கும். தகரக் கூரையில் விழும் மழைபோல ஒரே சீர். பத்தொன்பதில் அந்தச் சீர் இல்லை. கொஞ்சம் துடித்தது. நின்றது. பிறகு நீளமாக எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ பேசுகிற ஒரு நடை.

வெளியே ஹூணசூர் ரோட்டில் பகல் பதினொரு மணி. ஆஷாட வெள்ளிக்கிழமை என்பதால் அம்மன் மலைக்குப் போகிற கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்தது. நாட்டியக் குழு நாலு மணிக்குத்தான் வந்து சேரும் என்று மேனேஜர் நாராயண் சொல்லியிருந்தார். உள்ளே பகல் என்று ஒன்று கிடையாது. ஜன்னலில்லாத சுவர்கள், வெல்வெட் இருக்கைகளின் பழைய தூசி வாடை, ஏசி குழாய்க்குள் எங்கோ சொட்டும் தண்ணீர். இவை எல்லாவற்றுக்கும் அடியில் மிக மெல்லிசாக ஓர் இனிப்பு வாடையும் இருந்தது. மேடைப் புகை இயந்திரத்தின் வாடை. வரும்போதே பார்த்திருந்தார், அந்த இயந்திரம் பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

பத்து மாதமாக அவர் இந்த அரங்கத்துக்குள் கால் வைக்கவில்லை. பாதி நாள் அரங்கமே பூட்டிக் கிடந்தது. "லைட்டெல்லாம் திக்கித் திக்கி மாறுது சார், உங்களை விட்டா இந்த ஒயரிங் யாருக்கும் புரியல்லே" என்று நாராயண் மூன்று நாளாகக் கெஞ்சியதால் வந்திருந்தார். மேடையின் நடுவைப் பார்க்காமல், சுவரோரமாகவே நடந்து இந்த அலமாரிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"சார்."

திடுக்கிட்டுத் திரும்பினார். முனிராஜ் நின்றுகொண்டிருந்தான். ஹனூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயதுக்கு மேல். மேடைக்கு மேலே விளக்குகளைத் தாங்கும் இரும்புக் குழாய்களை, எல்லாரும் பார் என்று சொல்வதை, மோட்டாரில் ஏற்றி இறக்குவது அவன் வேலை. அந்த வேலை போய்விட்டது. இன்றைக்குக் கூலியாளாக வந்திருந்தான். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது இப்போதுதான்.

"முனிராஜ், இந்தப் பெட்டியிலே யாராவது கை வெச்சாளா?"

"இல்லீங்க சார். சாவி மேனேஜருகிட்டத்தான் இருந்துச்சுங்க. நானு காத்தாலதான் வந்தேன்." போகத் திரும்பியவன் மறுபடி இந்தப் பக்கம் பார்த்தான். "வூட்டுல அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்கா."

முனிராஜ் தலையசைத்துவிட்டு மேடையின் மறுபக்கம் போனான். அவனும் நடுவில் நடக்காமல் சுற்றிக்கொண்டு போனதை அவர் கவனித்தார்.

லேப்டாப்பை ஸ்விட்சில் இணைத்து, எந்தப் போர்ட்டில் எவ்வளவு போகிறது என்ற பட்டியலைத் திறந்தார். விளக்குகள் கொஞ்சம். பின்னால் நிற்கிற எல்ஈடி சுவர் ஏராளம். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை பூஜ்யம். பத்தொன்பதில் மட்டும் அறுபத்து நான்கு கிலோபிட். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும். அவர்தான் போட்டார்.

இந்த வேலையே பங்கு போடுகிற வேலைதான். எல்லாமே ஒரே வழியாகப் போகின்றன: விளக்குகளுக்கான செய்தி, எல்ஈடி சுவரின் படம், மேடை ஆட்கள் ஹெட்செட்டில் பேசிக்கொள்கிற பேச்சு. வழியின் அகலம் அவ்வளவுதான், அதைத்தான் பேண்ட்விட்த் என்கிறார்கள். எது முதலில் போகலாம், எது காத்திருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு என்று ஒருவர் முடிவு செய்யவேண்டும். போன செப்டம்பரில், ஒத்திகை நாளன்று, சுவரில் படம் விட்டு விட்டு வந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார்கள். அவர் பத்தொன்பதைத் தேர்ந்தெடுத்தார். எட்டு ஹெட்செட்டுகளும் அன்று வந்து சேர்ந்த போர்ட்; இப்போது அந்தக் கேபிள் இல்லை. பேச்சுதானே, கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று அறுபத்து நான்கு என்று தட்டினார். படம் வழவழவென்று ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த எட்டு ஹெட்செட்டில் ஒன்று அவர் மகள் ரஞ்ஜிதாவின் தலையில் இருந்தது. இருபத்து நாலு வயது. அப்பாவிடமே தொழில் கற்று, அப்பாவைவிட வேகமாக முனை அழுத்துவாள். மேடை நடுவே தரையில் கேபிள் போகிற குழிக்குள் ஒரு காலை இறக்கி வேலை செய்துகொண்டிருந்தாள். புகையும் இருட்டும், காது கிழிகிற பாட்டும். அவள் எழுந்து போய்விட்டாள் என்று நினைத்து அவர் "பாரை இறக்கு" என்று முனிராஜுக்குச் சைகை காட்டினார். விளக்குகளோடு சேர்த்து நானூறு கிலோ.

அவர் காதில் வந்தது ஒரே சொல், அதுவும் பாதி. "நில்ஸப்–". ஹெட்செட்டில் வேலைக் கட்டளைகளைக் கன்னடத்தில்தான் சொல்வாள். நிறுத்துப்பா என்று சொல்ல வந்தாள். அவர் கை தூக்குவதற்குள் பார் தரையைத் தொட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்விட்சின் பதிவைப் பார்த்தார். அந்தச் சொல் வரிசையில் ஆறு நொடி காத்திருந்துவிட்டு வந்திருந்தது. பதிவை அழித்தார். மோட்டார் ஆபரேட்டர் கை தாமதம் என்று காகிதத்தில் எழுதினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவி ஸரஸாவிடம், "ஒரு க்ஷணம்தான், அவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார். அதைப் பத்து மாதமாக அவள் ஸ்லோகம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பச்சை விளக்கு நீளமாக எரிந்தது.

பத்தொன்பதில் போவதைச் சத்தமாக மாற்றிக் கேட்கலாம். அதற்கு இரண்டு நிமிஷ வேலை. அவர் அரை மணி நேரம் லேப்டாப்பின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இயர்போனைக் காதில் வைத்தார்.

முதலில் மின்விசிறி ஓடுகிற சத்தம் என்று நினைத்தார். தாழ்ந்து, மாறாமல், முடிவில்லாமல் ஒரு ரீங்காரம். கேட்கக் கேட்க அதற்குள் ஈரம் இருந்தது. அடியில் ஒரு சின்ன கரகரப்பு. சின்ன வயதில் டான்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து உயர்த்திப் பேசினால் அவள் குரலில் வருகிற கரகரப்பு. அது ரீங்காரமல்ல. ஒரு வாய் திறந்து ஆ என்றுகொண்டிருந்தது. அந்த "நில்ஸப்"புக்கு அப்புறம் வராமல் போன மிச்சம். ப்பா என்பதில் உள்ள ஆ. பத்து மாதமாக அது வந்துகொண்டே இருந்திருக்கிறது.

போன் அதிர்ந்தது. ஸரஸா.

"தயிர்சாதம் வெச்சிருந்தேனே, சாப்டேளா?"

"இனிமேத்தான்."

"அந்த இடத்திலே நின்னேளா?"

"இல்லை."

"எனக்காக ஒரு தடவை நில்லுங்கோ. அவ என்னமாவது விட்டுட்டுப் போயிருப்பா. ஒரு வார்த்தையாவது." குரல் இறங்கியது. "ஒண்ணுமே சொல்லாம போற பொண்ணா அவ?"

அவர் காதில் ஒரு பக்கம் மனைவி. இன்னொரு பக்கம் ஆ. "வெச்சுடறேன் ஸரஸா" என்று சொல்லி அணைத்தார்.

அவருக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். அந்த ஆறு நொடியில் ரஞ்ஜிதா பேசியதெல்லாம் இந்த வரிசையில் நிற்கிறது. ஒரு வார்த்தையும் தொலையவில்லை. வழி குறுகலாக இருப்பதால் வரமுடியாமல் நிற்கிறது. அவ்வளவுதான். கொஞ்சம் அகலப்படுத்தினால் கேட்டுவிடலாம். ஸரஸாவுக்கு எடுத்துப் போகலாம்.

அறுபத்து நான்கை அழித்து ஐந்நூறு என்று தட்டினார்.

ஆ முடிந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, மரத்தில் உளி இறங்குகிற வேகத்தில்:

"கா... ல்... வ... ர... லை... ப்பா."

புகை வாடை கனத்தது. கருந்திரை அசையாமல் தொங்கியது. அவர் திரையின் ஓரத்தை விலக்கி, பத்து மாதத்தில் முதல் தடவையாக, மேடையின் நடுவைப் பார்த்தார். வேலை விளக்கு ஒன்று எரிந்தது. வெறும் கறுப்புத் தரை. குழியின் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தது. அதன் குறுக்கே ஒரு நிழல் கிடந்தது. நீளமான, நேரான நிழல். பாரின் நிழல்.

அண்ணாந்து பார்த்தார். பார் முப்பதடி உயரத்தில் கூரையோடு ஒட்டி நின்றது. அவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு கூர்மையான நிழல் விழாது. தலைக்கு மேல் ஓரடியில் தொங்குகிற ஒன்றுக்குத்தான் அப்படி விழும்.

ஆயிரம் என்று தட்டினார்.

"மூடி விழுந்துடுத்து. கால் மாட்டிண்டுடுத்து. அப்பா, கேக்கறதா?"

நிழல் இன்னும் கூர்மையானது.

"கேக்கறதா அப்பா?"

பதிவுதான், பழைய பேச்சுதான் என்று தெரிந்தும் வாய் கேட்கவில்லை. லேப்டாப் மைக்கில் குனிந்தார். "கேக்கறதும்மா. ரஞ்சூ, கேக்கறது."

பச்சை விளக்கு அணைந்தது. ஏசி குழாயில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. விளக்கு எரிந்தது.

"இப்பவா கேக்கறது?"

அவர் பின்னால் நகர்ந்ததில் இயர்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. குரல் இப்போது லேப்டாப்பின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. காலி அரங்கத்தில் சின்னதாக.

"எத்தனை நேரமா கூப்பிடறேன்! இன்னும் இறங்கிண்டே இருக்குப்பா. கொஞ்சம் கொஞ்சமா. நான் மேலேயே பாத்துண்டிருக்கேன். கண்ணை மூட முடியலை. கழுத்து வலிக்கறது."

மறுபக்கத்தில் எதுவோ தரையில் விழுந்தது. ஸ்பானர். முனிராஜ் திரைக்கருகில் நின்றான்.

"சார், அது பாப்பாங்களா?"

கேசவமூர்த்தியின் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

"உன் கை பிந்தலை, முனிராஜ். நான் சொல்லவே லேட். அவ சொன்னது எனக்கு லேட்டா வந்தது. ஏன்னா நான் அவ லைனைக் குறைச்சு வெச்சிருந்தேன். படம் நன்னா வரணும்னு. எனக்கு அப்பவே தெரியும்."

முனிராஜ் தன் வலது கையைப் பார்த்தான். விரித்துப் பார்த்தான். மடக்கினான்.

"சோறு திங்கறப்பெல்லாம் இந்தக் கையத்தான் பாத்துட்டு இருப்பேனுங்க" என்றான். கோபம் இல்லை. அதைக் கேசவமூர்த்தியால் தாங்க முடியவில்லை. "எம் பொண்டாட்டி கேப்பா, எதுக்கு அதையே பாக்கறீங்கன்னு."

"அப்பா, யாரு அங்கே? முனிராஜா? அவரை நிறுத்தச் சொல்லு."

முனிராஜ் இரண்டடி முன்னால் வந்தான். மேடை நடுவைப் பார்த்தான். அவன் கண்ணில் பட்டதை அவரும் பார்த்தார். நிழலுக்கு அடியில் இன்னொரு நிழல் சேர்ந்திருந்தது. ஒரு முழங்கால் மடிந்து, ஒரு கை பாதி தூக்கி. அந்த நிழலுக்கு மேல் காற்று கொஞ்சம் கனத்து, புகை அங்கே மட்டும் ஓர் உருவத்தைச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது. தோள். பின்னல். அண்ணாந்த முகம்.

அவருக்குப் புரிந்தது. ஐந்நூறு என்றபோது பார் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. ஆயிரம் என்றபோது இன்னொரு சாண். அவள் பேச்சுக்கு வழிவிட்டால் பாருக்கும் வழி. இரண்டும் ஒரே வழியில் வருகின்றன. குறுக்கினால் எல்லாம் நிற்கும். அவளும். அந்த பயமும். பத்து மாதமாக, அவர் சாப்பிட்டு, தூங்கி, ஸரஸாவோடு கோவிலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும், அவள் இங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு க்ஷணம்தான் என்று சொல்லியிருந்தார்.

"சார்." முனிராஜ் அழுதுகொண்டிருந்தான். "தொறந்து உட்டுருங்க. முழுசாத் தொறந்து உட்டுருங்க. புள்ளைக்கு ஒரேடியா முடிஞ்சு போகட்டுமுங்க. இப்படி வெச்சிருக்காதீங்க."

"இன்னொரு தடவை நான் எப்படி..."

"அது செத்து பத்து மாசம் ஆச்சுங்க."

"இல்லை. பேசறா. கேட்டியோன்னோ, பேசறா."

முனிராஜ் மேடையை நோக்கிக் கை கூப்பிவிட்டுப் படியிறங்கிப் போனான். கதவு திறந்தபோது ஹாரன் சத்தமும் ஒரு பட்டை வெயிலும் உள்ளே விழுந்தன. கதவு மூடியது.

"அப்பா."

"சொல்லும்மா."

"பயமா இருக்கு. முடிச்சுடு. ஒரேயடியா விட்டுடுப்பா. ப்ளீஸ். அம்மாகிட்டே ஒண்ணும் சொல்லாதே. முடிச்சுடு."

லேப்டாப் திரையில் எண் தட்டிய அந்தப் பெட்டி திறந்தே இருந்தது. 'வரம்பு இல்லை' என்று ஒரு கட்டம். அதில் ஒரு டிக் போட்டால் போதும்.

கையைக் கொண்டுபோனார். விரல் மவுஸின் மேல் இருந்தது. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணி விலக்கிக் காட்டியபோது தொட பயந்து இதே விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. டிக் போட்டால் அவள் இருக்கமாட்டாள். இந்தக் குரல் இருக்காது. மறுபடி அந்த வீடு. அவள் இல்லாத மாடி அறை. ஸரஸாவின் ஸ்லோகம்.

"அப்பா, கேக்கறதா?"

கேட்டது.

அவர் ஆயிரத்தை அழித்தார். ஒன்று என்று தட்டினார்.

"அ..."

குரல் இழுபட்டு, தாழ்ந்து, ரீங்காரமாகி, ரீங்காரமும் அடங்கி, கேட்காத ஒன்றாக ஆனது. பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அடுத்த சிமிட்டலுக்கு வெகுநேரம் ஆனது.

"இங்கேயே இருக்கேன்" என்றார். "நான் எங்கேயும் போகலை ரஞ்சூ."

நாலு மணிக்கு நாட்டியக் குழு வந்தது. நாராயண் வந்து விளக்குகளை ஓட்டிப் பார்த்து, "ஒரு திக்கல் இல்லே சார்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்ஈடி சுவரில் நீலக் கடல் வழவழவென்று ஓடியது. சலங்கை கட்டிய சின்னப் பெண்கள் மேடையில் ஓடினார்கள். யாரும் சொல்லாமலே நடுவில் ஓர் இடத்தை விட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் அங்கே நின்று, இங்கே குளிர்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேசவமூர்த்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புகை இப்போது அவளைத் தெளிவாகக் காட்டியது. மடிந்த முழங்கால். பாதி தூக்கிய கை. கன்னத்தின் நடுவில் நின்றுவிட்ட ஒரு துளி கண்ணீர். உச்சந்தலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் பாரின் அடிப்பாகம், அசையாமல்.

வாய் திறந்திருந்தது. அதிலிருந்து அடுத்த எழுத்து வர எத்தனை வருஷம் ஆகும் என்று அவர் கணக்குப் போடவில்லை.

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி. அரங்கம் நிரம்பியது. முதல் மணி அடித்தார்கள். அப்போதுதான் கவனித்தார்.

அவள் கண்கள் பாரைப் பார்க்கவில்லை. விழிகள் ஓரத்துக்கு, ஒரு மயிரிழை, நகர்ந்திருந்தன. கீழே. இருக்கைகளின் பக்கம். முதல் வரிசைக்கு.

அவரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன.